இரண்டு தடவை எழுந்தது: நல்ல வாக்கியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், சனிக்கிழமை மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாக்கியம் எழுதிப் பழகுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள், வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் பேரன் பேத்திகளுக்குத் தமிழில் எழுத ஆசைப்படும் இரண்டு ஆச்சிகள் என்று வயது வித்தியாசம் பார்க்காத கூட்டம். நான் அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன். கதை, கவிதை, கட்டுரை எதற்கும் நாங்கள் போவதில்லை. ஒரு மாலைக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அற்புதமான வாக்கியம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

விளக்கம் சொல்வதைவிட ஒன்றை எடுத்துக் காட்டிவிடுகிறேன். என் ஐயா, அதாவது அப்பச்சியின் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) தகப்பனார், பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போயிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து கடை வைத்துத் தங்கும் கிட்டங்கியில் அடுத்தாள், அதாவது உதவியாள், வேலை. மூன்று வருடத் தவணை முடிந்தால்தான் ஊருக்கு வர முடியும். 1941இல் அப்பத்தா அவருக்கு எழுதிய கடிதம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. உச்சியில் ‘உ’, அதன்கீழ் ‘சிவமயம்’. பிறகு முக்கால்வாசிக்குக் கணக்கு: நெல் எத்தனை மூட்டை வந்தது, யாருக்கு எவ்வளவு மொய் எழுதியது, விளக்கெண்ணெய் என்ன விலை. அந்த விலைக்கு அடுத்தபடியாக, பத்தி கூடப் பிரிக்காமல், இந்த வாக்கியம் வருகிறது. எழுத்துப் பிழையை நீக்கி நிறுத்தக்குறி போட்டது மட்டும் என் வேலை:

“சின்னவன் உங்கள் மிதியடியை மாட்டிக்கொண்டு வளவைச் சுற்றி நடக்கிறான், சத்தம் கேட்டு நான் இரண்டு தடவை எழுந்து வந்துவிட்டேன்.”

மிதியடி என்பது மரக்கட்டையில் குமிழ் வைத்துச் செய்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குமிழைப் பிடித்து நடக்க வேண்டும். கல் பாவிய தரையில் அதன் சத்தம் இரண்டாங்கட்டு வரைக்கும் கேட்கும்.

இந்த வாக்கியத்தில் ‘உங்களைத் தேடுகிறது’ என்ற பேச்சே இல்லை. ‘எப்போது வருவீர்கள்’ இல்லை. ஆனால் இதைப் படித்த யாருக்கும் அந்த வீட்டின் வெறுமை தெரியாமல் போனதில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது அது? என் கணிப்பில் ‘இரண்டு தடவை’ என்ற இடத்தில். ஒரு தடவை என்று எழுதியிருந்தால் அது ஏமாந்துபோன கதை, எந்த வீட்டிலும் நடக்கும். இரண்டாவது தடவை எழும்போது நடப்பது சின்னவன்தான் என்று அப்பத்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்கிறார்.

அடுத்தது அந்த ‘விட்டேன்’. ‘எழுந்து வந்தேன்’ என்று எழுதவில்லை, ‘எழுந்து வந்துவிட்டேன்’ என்கிறார். தன்னைக் கேட்காமலே கால் எழுந்து வந்ததை அந்த ஒரு துணைவினை சொல்லிவிடுகிறது.

வரிசையையும் கவனியுங்கள். அவருக்கு முதலில் கிடைத்தது சத்தம். எழுந்து வந்த பிறகுதான் சின்னவனைப் பார்த்தார். கடிதத்தில் அந்த வரிசையை மாற்றிவிட்டார். பிள்ளையை முன்னால் நிறுத்துகிறார், கடல் கடந்து இருக்கும் தகப்பன் முதலில் பிள்ளையைப் பார்க்கட்டும் என்று. தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார். ஒன்றைக் கூர்ந்து பார்த்திருப்பது, பார்த்ததை எதிரில் இருப்பவருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்று அறிந்திருப்பது: இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் கூடிவந்தால் அதை அற்புதம் என்கிறேன்.

உங்கள் அப்பத்தா எழுத்தாளர் இல்லையே. அது தற்செயலாக அமைந்ததுதானே?

தற்செயல் இல்லை. அவர் வாரம் தவறாமல் கடிதம் எழுதியவர். கிட்டங்கியில் கடிதத்தைப் பிரித்தால் நாலு பேர் கண்ணில் படும்; சில சமயம் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதும் உண்டு. ஆகவே மனத்தில் இருப்பதை வெளிப்படையாக எழுத வழியில்லை. மிதியடி, சின்னவன், சத்தம் என்று எவர் கண்ணில் பட்டாலும் பாதகமில்லாத சொற்களாகத் தேடி எடுத்து, உரியவருக்கு மட்டும் புரியும்படி அடுக்கியிருக்கிறார். வருடக்கணக்கில் அப்படி எழுதிய கைக்கு வந்த வாக்கியம் இது.

அப்படியானால் அலங்காரமே கூடாதா?

எங்கள் ஊர் வீடுகளைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகளில் “பிரம்மாண்டமான, கண்ணைக் கவரும், கலைநயம் மிக்க மாளிகைகள்” என்று எழுதுவார்கள். இந்த மூன்று அடைமொழியையும் மைசூர் அரண்மனைக்கும் மதுரை நாயக்கர் மகாலுக்கும் அப்படியே போடலாம். எந்த வீட்டையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு மாணவி இப்படி எழுதினார்: “மழை பிடித்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வளவு முற்றத்தில் கொட்டும், அன்றைக்கு வீட்டில் இருக்கும் அண்டா, கிடாரம் எல்லாம் வெளியே வந்துவிடும்.” பெரிய வீடு என்று அவர் சொல்லவில்லை. அண்டாவையும் கிடாரத்தையும் எண்ணி நாமே தெரிந்துகொள்கிறோம். தண்ணீருக்குத் தவித்த ஊர் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

அலங்காரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பர்மாத் தேக்குத் தூணில் பூ செதுக்கிய ஊர் இது. ஆனால் அந்தத் தூண் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. உவமையை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்; வாக்கியம் சரிந்தால் உவமை இருக்கட்டும், சரிந்து விழாவிட்டால் எடுத்தது எடுத்ததாக இருக்கட்டும்.

சின்ன வாக்கியம்தான் நல்ல வாக்கியம் என்கிறார்களே?

பாதி உண்மை. நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு உரிய அழகுகள் பத்து என்று வரிசைப்படுத்தும்போது ‘சுருங்கச் சொல்லல்’ என்பதைத்தான் முதலில் வைக்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே ‘விளங்க வைத்தல்’ வந்துவிடுகிறது. அதற்கு முந்திய சூத்திரத்தில் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். அங்கே முதல் குற்றம் எது தெரியுமா? ‘குன்றக் கூறல்’, சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. ‘மிகைபடக் கூறல்’ இரண்டாவதாகத்தான் வருகிறது. சுருக்கத்தை முதல் அழகாக வைத்த அதே ஆசிரியர் குறைவை முதல் குற்றமாக வைத்திருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நீண்ட வாக்கியத்துக்கு எங்கள் ஊரில் கண்ணெதிரே ஒரு பாடம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுபவை. முகப்பில் நின்று பார்த்தால் வாசல்கள் நேராக அமைந்திருப்பதால் கடைசிக் கதவு வரைக்கும் பார்வை போகும். உள்ளே நடந்தால் இருட்டும் இல்லை, இடையிடையே வானம் திறந்த முற்றம். நீண்ட வாக்கியத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும்: போகும் திசை முதலிலேயே தெரிய வேண்டும், நடுவில் வெளிச்சம் விழ வேண்டும். வகுப்பில் நான் எழுதிக் காட்டும் ஒன்று:

“பெண்ணை அழைத்துப் போன பிறகு, இலை எடுத்து, பந்தல் அவிழ்த்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணி அனுப்பி, வந்தவர்களுக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்து, வளவைக் கூட்டிப் பெருக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்த ஆத்தா, மகளின் வளையல் ஒன்று சாமி வீட்டு மாடத்தில் இருப்பதைப் பார்த்து, அதை எடுக்காமல், விளக்கை மட்டும் ஏற்றினார்.”

முப்பது சொல்லுக்கு மேல் போகிறது. யாரும் மூச்சு முட்டியதாகச் சொன்னதில்லை. ‘ஆத்தா’ என்ற சொல்தான் இதில் முற்றம். அதற்கு முன்னால் இருக்கும் வினையெச்சங்கள் எல்லாம் வேலை. அதற்குப் பின்னால் வரும் ‘பார்த்து’, ‘எடுக்காமல்’, ‘ஏற்றினார்’ மூன்றும் மனம். இதையே ஏழு சின்ன வாக்கியங்களாக நறுக்கினால் கல்யாண வீட்டு வேலைப் பட்டியல் கிடைக்கும், ஆத்தா கிடைக்க மாட்டார்.

கடைசிச் சொல்லுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அதுவரை படிப்பவர் காத்திருக்கிறார். ஊர்த் தொழிலான கொடுக்கல் வாங்கலிலிருந்தே உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். “வாங்கிய கடனை அவர் திருப்பிக்” என்று எழுதி நிறுத்துங்கள். இன்னும் எதுவும் நடக்கவில்லை. ‘கொடுத்தார்’ என்று முடித்தால் செய்தி. ‘கொடுத்துவிட்டார்’ என்றால் ஒரு பாரம் இறங்கியிருக்கிறது. ‘கொடுத்துத் தொலைத்தார்’ என்றால் சொல்பவருக்கு அவர்மேல் கோபம். ‘கொடுத்தாராம்’ என்றால் சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. ‘கொடுத்திருக்கலாம்’ என்றால் கொடுக்கவில்லை என்ற குறையாகவும் இருக்கலாம், கொடுத்தாரோ என்னவோ என்ற ஐயமாகவும் இருக்கலாம். பணமும் ஆளும் மாறவில்லை. வால் மாறியது, அந்த மனிதரைப் பற்றிய நம் எண்ணமே மாறிவிட்டது. தமிழ் தன் நெஞ்சை வினையின் வாலில் வைத்திருக்கிறது. விடு, கொள், போ, வை, ஆம், ஏ, ஓ போன்ற இந்தச் சின்ன உருப்படிகளை எத்தனை நுணுக்கமாகப் பயன்படுத்துகிறார் என்பதைக் கொண்டே ஒருவர் தமிழில் எவ்வளவு தோய்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அதனால்தான் செய்தித்தாள் வாலைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ‘நாற்பது வருடங்களுக்குப் பிறகு இந்தக் கோவிலின் தேர் ஓடியது என்பது குறிப்பிடத்தக்கது’ என்று எழுதுகிறார்கள். தேர் ‘ஓடியது’ என்ற இடத்தில் நிலைக்கு வந்துவிட்டது. அதற்குமேல் எதற்கு ஒரு ‘என்பது’, ஒரு ‘குறிப்பிடத்தக்கது’? குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டீர்கள்? நன்னூல் சொல்லும் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று உண்டு. போகப் போகத் தேய்ந்து முடிவது. மெய்ப்புத் திருத்திய காலத்தில் இந்த வாலை எத்தனை முறை வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ‘சோதனை மேற்கொண்டனர்’ என்பதைச் ‘சோதித்தனர்’ என்றும், ‘பணிகள் நடைபெற்று வருகின்றன’ என்பதை ‘வேலை நடக்கிறது’ என்றும் மாற்றிப் பாருங்கள். ஆள் எழுந்து நிற்பதைப்போல வாக்கியம் நிமிரும்.

வினையை முன்னால் வைக்கவே கூடாதா?

வைக்கலாம், காத்திருக்கும் ஆளுக்கு எதிரே. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா பங்குனியில் எங்கள் ஊரில் நடந்து, அத்தத் திருநாளில் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறும். அந்த மேடையில் நான் சிறுவயது முதல் கேட்டுவரும் அடி இது: இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் இராமனிடம் “கண்டனென், கற்பினுக்கு அணியை, கண்களால்” என்கிறான். சீதையின் பெயரைச் சொல்லித் தொடங்கியிருந்தால் அடுத்த சொல் வருவதற்குள் இராமன் என்ன பாடு பட்டிருப்பான் என்று பேச்சாளர்கள் முதல் சொல்லில் நின்றுவிடுவார்கள். எனக்குக் ‘கண்களால்’ என்பதுதான் பெரிது. வேறு எதனால் காண்பது? இருந்தும் அந்தச் சொல் வந்த பிறகுதான் அனுமன் தூதன் என்ற நிலையிலிருந்து சாட்சியாக ஆகிறான்.

வீட்டிலும் இது நடக்கிறது. முகப்பில் நிற்கும் பிள்ளை உள்ளே பார்த்து “வந்துவிட்டார்கள் அப்பச்சி!” என்றுதான் கத்துகிறது. யார் என்பது எல்லோருக்கும் தெரியும், வந்தாரா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டும். யாரும் காத்திராத இடத்தில் வினையை முன்னால் போட்டால் அது மேடைப் பேச்சாகிவிடும்.

வினையே இல்லாமல் வாக்கியம் நிற்குமா?

“யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்ற புறநானூற்று அடி (192ஆம் பாட்டு) நின்றுகொண்டிருக்கிறதே. வினை என்று ஒன்றும் இல்லை. பாடியவர் கணியன் பூங்குன்றனார். அவருடைய பூங்குன்றம் எங்கள் பக்கத்து மகிபாலன்பட்டி என்பார்கள்; பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்த ஊரும் அதுவே. ‘இருக்கிறது’, ‘ஆகும்’ எதுவும் தேவையில்லாமல் பெயரோடு பெயரை ஒட்டவைத்து முடிக்கும் வசதி தமிழுக்கு உண்டு. அந்த அடியில் ‘ஊரே’ என்பதில் இருக்கும் ஏகாரத்தை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘யாதும் ஊர்’ என்றால் தகவல் பலகை.

நான் எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ‘ஒரு’ என்பதைத் தேடிப் பிடியுங்கள். “அவர் ஒரு நல்ல ஆசிரியர் ஆவார்”, “இது ஒரு பழமையான ஊராக இருக்கிறது.” எதற்கு அந்த ‘ஒரு’? அவர் நல்ல ஆசிரியர். இது பழைய ஊர். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று புதியவரை அறிமுகம் செய்யும்போதும், ஒன்று என்று எண்ணும்போதும்தான் ‘ஒரு’ வேண்டும். அப்பத்தாவின் வாக்கியத்தில் ‘ஒரு’ கிடையாது. ‘இரண்டு தடவைகள்’ என்றும் அவர் எழுதவில்லை. எண் வந்துவிட்டால் ‘கள்’ பல இடங்களில் சுமைதான். நாலு வீடு, பத்து நாள், நூறு ரூபாய்.

அடுத்து ‘பட்டு’, ‘பட்ட’ என்று முடிவதைப் பாருங்கள். ‘அப்பத்தாவால் எழுதப்பட்ட கடிதம்’ என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? அப்பத்தா எழுதிய கடிதம். இந்த மூன்றையும் திருத்தினாலே வாடை பாதி போய்விடும். மீதிப் பாதி, தமிழில் நினைக்காமல் தமிழில் எழுதுவதால் வருவது. அதற்கு ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

ஒற்றுப்பிழை இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

சீர்ச் சாமான் பட்டியலில் ‘அப்பச்சி தந்த பெட்டி’ என்று எழுதினால் தகப்பனார் கொடுத்த பெட்டி. ‘அப்பச்சி தந்தப் பெட்டி’ என்று ஒரு ‘ப்’ சேர்த்துவிட்டால் யானைத் தந்தத்தில் செய்த பெட்டி. சம்பந்தி வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள்.

எழுதியது எனக்குப் புரிகிறது, படிப்பவர் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார். ஏன்?

“நேற்று வந்த ஆச்சியின் மகன்.” வந்தது ஆச்சியா, மகனா? பெயரெச்சத்துக்குப் பின்னால் இரண்டு பெயர் நின்றால் இந்தக் குழப்பம் வரும். “ஆச்சியின் மகன் நேற்று வந்தான்” என்று உடைத்துவிடுங்கள். கமாவை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

வட்டாரச் சொல்லை எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

புரியும்படி எழுதலாம். ‘பட்டாலை’ என்று எழுதி, பக்கத்தில் விளக்கம் போட வேண்டியதில்லை. “பட்டாலைத் தூணில் சாய்ந்தபடி ஐயா கணக்கு எழுதுவார், தெருவில் போகிறவர்களை அங்கிருந்தே விசாரிப்பார்” என்றால், அது தூண் உள்ள இடம், ஆண்கள் உட்காரும் இடம், வாசலுக்குப் பக்கத்து இடம் என்று திருநெல்வேலிக்காரருக்கும் தெரிந்துவிடும். சொல்லைச் சுற்றி ஒரு வேலை நடந்தால் போதும்.

இதில் எனக்கு வீம்பு உண்டு, மறைக்கவில்லை. எங்கள் ஊர் வீடுகளைப் பிரித்து விற்கிறார்கள். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பக்கம் போனால், யார் வீட்டிலோ கூரை தாங்கிய தூண் விலைக்கு நிற்கிறது, கதவு சுவரில் சாய்ந்திருக்கிறது, பலகாரத் தூக்கு தூசி படிந்து கிடக்கிறது. தூணை வாங்குகிறவர் வேறு ஊரில் வேறு வீட்டில் நிறுத்திக்கொள்வார். ‘பட்டாலை’, ‘இரண்டாங்கட்டு’, ‘சாமி வீடு’, ‘கட்டுத்துறை’ என்ற சொற்களை யாரும் விலைக்கு வாங்கிப் போவதில்லை. நாம் எழுதும் வாக்கியத்தில்தான் அவை குடியிருக்க வேண்டும்.

ஓசை முக்கியமா?

மிகவும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மனத்துக்குள் படித்தால் கண் ஏமாற்றிவிடும். நாக்கு தட்டும் இடத்தில் சொல்லோ வரிசையோ தவறாக இருக்கிறது. ‘சொல்லிக்கொண்டிருந்துகொண்டு’ போன்றவை அங்கேதான் அகப்படும். ஆனால் எதுகை மோனைக்காக உரைநடையை வளைக்காதீர்கள். அப்பத்தாவின் வாக்கியத்தில் எதுகை இல்லை. ‘சத்தம் கேட்டு’ என்ற இடத்தில் வாக்கியம் ஒரு கணம் நிற்கிறது, பிறகு ‘நான்’ என்று தொடங்குகிறது. எழுவதற்கு முந்திய அந்த ஒரு கணம்தான் அதன் ஓசை.

எப்படிப் பழகுவது?

வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். வருடத்தில் ஒரு தடவை ஆத்தங்குடிக்குப் போகிறோம். அங்கே தரைக்கல் செய்வதைப் பேனா எடுக்காமல் ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பலகை மேல் இரும்பு அச்சை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைப் பரப்பி, சமன் செய்துவிடுகிறார்கள். பிறகு காய வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். கல்லின் முகம் அதுவரைக்கும் கண்ணாடியில் குப்புறக் கிடக்கிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

சென்ற முறை வந்த கல்லூரிப் பையன் ஒருவன் முதலில் எழுதியது: “உலகப் புகழ் பெற்ற ஆத்தங்குடிக் கற்கள் இங்கு கைகளால் தயாரிக்கப்பட்டு வருகின்றன.” இதை எழுத ஆத்தங்குடிக்கு வந்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி போய் உட்கார்ந்தான். இரண்டாவது: “வண்ணக் கலவையைக் கண்ணாடி மேல் ஊற்றி அந்த அம்மா பூவை உண்டாக்கினார்.” பார்த்திருக்கிறான், ஆனால் எல்லோருக்கும் தெரிவதைப் பார்த்திருக்கிறான். மாலையில், பஸ் ஏறும் நேரத்தில், நோட்டை நீட்டினான்: “கண்ணாடியைப் பிரிக்கும்வரை, தான் ஊற்றிய பூவின் முகத்தை அந்த அம்மாவே பார்க்கவில்லை.”

பஸ் வந்த பிறகும் நாங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தோம். ‘அம்மாவே’ என்பதில் உள்ள ஏகாரத்தைக் கவனித்தீர்களா? நான் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை அது. அன்றைக்கு அவன் எழுதியவை மூன்று வாக்கியம், வைத்துக்கொண்டது ஒன்று.

வீட்டில் தனியாகப் பழக வேண்டுமானால், தினமும் கண்ணில் படும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அழகு, அருமை, அன்பு, சோகம் என்ற சொற்களை ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். எழுதியதை மறுநாள் பாருங்கள், அன்றைக்கே பார்க்காதீர்கள்.

வகுப்புக்குக் கட்டணம் உண்டா?

இல்லை. நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். ஆறு மணிக்குத் தொடங்கிவிடுவோம்.

அப்பத்தாவின் கடிதத்துக்கு ஐயா என்ன பதில் எழுதினார்?

இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போனதில்லை. பதில் வரவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடிதம் போகவும் இல்லை, வரவும் இல்லை. அப்பத்தா எழுதுவதை நிறுத்தவில்லை; எழுதி, மடித்து, பெட்டகத்தில் வைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து 1946இல் ஐயா சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தார். சட்டைப்பைக்குள் அந்தக் கடிதம் இருந்தது, மடிப்பு ஒடிந்துபோய். விடியற்காலம், முகப்பில் யாரும் இல்லை. தன் மிதியடி கதவோரம் இருப்பதைப் பார்த்து மாட்டிக்கொண்டு வளவுக்குள் நடந்தார். அப்பத்தா அடுப்படியில் இருந்தார். சின்னவனுக்கு, அதாவது என் அப்பச்சிக்கு, அப்போது ஒன்பது வயது. அவர்தான் பாய்க்குள்ளிருந்து இதைக் கேட்டவர். சத்தம் கேட்டு அப்பத்தா எழுந்து வரவில்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாராம்: “கழற்றி வை, அப்பச்சி வந்தால் வைவார்கள்.”